எல்லார் வாயிலும் இருக்குற பூஞ்சை அம்மாவை மட்டும் ஏன் கடிக்குது? (பூஞ்சை நச்சு, விவரம் தெரிஞ்சவங்க வரவும்)

கரிசல்மண் | செவ்வாய், இரவு 9.40

அம்மாவுக்கு 63 வயசு. ரொம்ப வருசமா ஆஸ்துமா. நாலு மாசமா ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறாங்க. போன வாரம் பார்த்தா நாக்குலயும் கன்னத்து உள்பக்கமும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை. துணியால வழிச்சா வந்துடுது, ஆனா அடியில செக்கச்செவேல்னு இருக்கு. ரசம் ஒரு வாய் வெச்சா கண்ணுல தண்ணி வந்துடுது.

டாக்டர் டார்ச் அடிச்ச உடனே சொல்லிட்டார், கேண்டிடா. மவுத் பெயின்ட் எழுதிக் கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, இது நம்ம எல்லார் வாயிலும் இருக்குற பூஞ்சைதான்"னு வேற சொன்னார். அம்மா சமாதானம் ஆயிட்டாங்க. எனக்குத்தான் மண்டை குடையுது. எல்லார் வாயிலும் இருந்தா எனக்கு ஏன் எரியல? இத்தனை வருசம் சும்மா கிடந்தது இப்ப என்ன பண்ணுது? தேடினா "பூஞ்சை நச்சு"ன்னு வருது. பூசணம் பிடிச்ச நிலக்கடலையைத் தின்னா விஷம்னு எங்க அப்பத்தா சொல்லும், அதுவும் இதுவும் ஒண்ணா?

ஸ்லைடுராணி | செவ்வாய், இரவு 10.15

மைக்ரோபயாலஜி லேப்ல 14 வருசமா டெக்னீசியன். எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

கடலை வேற, இது வேற. அப்பத்தா சொன்னது அஃப்ளாடாக்சின். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சு. தீவனத்துல கலந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கைப் பிடிச்ச பூஞ்சைதான் காரணம்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. அங்க பூஞ்சை கடலைக்குள்ளயே இருந்துடும், அதோட விஷம் மட்டும் சாப்பாடு வழியா ஈரலுக்குப் போகும். நீங்க கேக்குறது பூஞ்சையே நம்ம உடம்புல உக்காந்துக்கிட்டு அங்கேயே விஷம் காய்ச்சுற கதை.

அப்புறம் "எல்லார் வாயிலும்" கொஞ்சம் அதிகம். ஏறக்குறைய பாதிப் பேர்னு வெச்சுக்குங்க.

சும்மா இருக்கும்போது இது உருண்டையா இருக்கும், ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் மாதிரி. வினை பண்ண ஆரம்பிச்சா நீளமா இழை விடும். எங்க லேப்ல இதை வெச்சே ஒரு டெஸ்ட் இருக்கு. சின்ன டியூப்ல அரை மி.லி. ரத்தச் சீரம், அதுல வளர்த்து வெச்ச பூஞ்சைக் காலனியைக் குச்சியால லேசாத் தொட்டுக் கலக்கி, 37 டிகிரியில ரெண்டரை மணி நேரம். டீ குடிச்சுட்டு வந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல போட்டுப் பார்த்தா உருண்டைக்கு வால் முளைச்சிருக்கும், தவக்களைக் குஞ்சு மாதிரி. வால் கிளம்புற இடத்துல இடுப்பு மாதிரி சுருங்காம இருக்கணும். இருந்தா கேண்டிடா அல்பிகன்ஸ்னு எழுதிடுவோம் (டப்ளினியன்சிஸ்னு ஒரு பங்காளியும் இதே வேலை காட்டும், அது அபூர்வம்). உங்க அம்மா கன்னத்துல சுரண்டிப் பார்த்திருந்தா உருண்டையோட சேர்ந்து இழையும் கொத்துக் கொத்தாத் தெரிஞ்சிருக்கும்.

ஈஸ்ட்மண்டை | செவ்வாய், இரவு 11.50

அக்கா சொன்ன வால்தான் கதையே. நான் பி.எச்டி. பண்றது இதுல, அதனால கொஞ்சம் நீளும்.

வால் முளைக்கும்போது பூஞ்சை ஒரு மரபணுவைத் தாறுமாறா ஓட்டுது. பேர் ஈ.சி.ஈ.1. அதுல இருந்து 271 அமினோ அமில நீளத்துல ஒரு புரதம் வரும். பூஞ்சையே அதை எட்டுத் துண்டா நறுக்கும். மூணாவது துண்டு, வெறும் 31 அமினோ அமிலம், அதுதான் கேண்டிடாலைசின். 2016ல லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆட்களும் ஜெர்மனியில யேனா ஊர்க்காரங்களும் சேர்ந்து நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க. டிப்தீரியா, காலரா மாதிரி நச்சு விட்டுத் தாக்குறது பாக்டீரியா வேலைன்னுதான் அதுவரைக்கும் நினைப்பு. மனுசனுக்கு நோய் தர்ற பூஞ்சையில செல்லை உடைக்கிற பெப்டைட் நச்சைக் காட்டினது அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டுரையில எனக்குப் பிடிச்ச சோதனை இது. அந்த மரபணுவை மட்டும் எடுத்துட்டாங்க. பூஞ்சை வால் விடுது, செல்லுல ஒட்டுது, உள்ளயும் நுழையுது, எல்லாம் பழையபடி. ஆனா செல் சாகல. செல் கத்தவும் இல்ல! பக்கத்துச் செல்லைக் கூப்பிடுற, வெள்ளணுக்களை வரச்சொல்ற சமிக்ஞை எதுவுமே கிளம்பல. நச்சு இல்லாத பூஞ்சை வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்தாலும் உடம்பு அதைப் பெருசா எடுத்துக்கல.

அதாவது உடம்பு பூஞ்சையைப் பார்த்து மிரளல, அதோட நச்சு பட்டாத்தான் மிரளுது. அளவு கம்மியா இருக்கும்போதே வாய்ச் செல் சமிக்ஞை விட ஆரம்பிச்சுடும். அளவு ஏறினா செல் சவ்வுல ஓட்டை விழுந்து செல் செத்துடும். வாயில எச்சில் ஓடிக்கிட்டே இருக்கே, நச்சு கழுவிட்டுப் போயிடாதான்னு கேப்பீங்க. நுழையுற இழையைச் சுத்தி செல்லோட சவ்வு ஒரு பை மாதிரி மடிஞ்சுக்கும். இழைக்கும் பைக்கும் நடுவுல இருக்குற இடுக்குலதான் நச்சு தேங்குது. எச்சில் அங்க எட்டாது.

கரிசல்மண் | புதன், காலை 6.30

ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. திண்ணையில படுத்துக் கிடக்குறவனை யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. அவனே கூரை ஏறி ஓட்டைப் பிரிச்சா ஓடு விழுந்து உடையுற சத்தத்துல வீடு முழிச்சுக்குது. சரியா?

அப்ப எங்க அம்மா வீட்டுல ஏன் யாரும் முழிக்கல?

ஈஸ்ட்மண்டை | புதன், காலை 9.05

சரிதான். ஓட்டை எடுத்துக்கொடுத்ததுக்கு நன்றி, தீசிஸ்ல போட முடியாது ஆனா மாமாவுக்குச் சொல்லிக்குவேன்.

சத்தம் கேட்டதும் ஓடி வர்றவங்க நியூட்ரோஃபில்கள்ங்கிற வெள்ளணுக்கள். அவங்களைக் கூப்பிடுறதுல பெரிய பங்கு ஐ.எல்.17ங்கிற சமிக்ஞைக்கு. கேண்டிடாலைசின் பட்ட இடத்துல அது கிளம்புறதை எலியில காட்டியிருக்காங்க. மனுசங்கள்ல ஆதாரம் வேற திசையில இருந்து வருது. சொரியாசிசுக்கு ஐ.எல்.17ஐ அடைக்கிற ஊசி போடுறாங்க இல்லையா, செகுகினுமாப் மாதிரி. அதைப் போட்டுக்கிறவங்கள்ல சிலருக்கு வாயில இதே வெள்ளை வருது. எச்.ஐ.வி.யில டி செல்ங்கிற எதிர்ப்பு சக்திச் செல் குறைஞ்சா முதல்ல எட்டிப் பார்க்குறதுல இதுவும் ஒண்ணு. உங்க அம்மா விஷயத்துல இன்ஹேலர்ல வர்ற ஸ்டீராய்டுல ஒரு பங்கு நாக்குலயும் தொண்டையிலயும் படிஞ்சுடுது. அந்த இடத்துல மட்டும் காவல் அசந்துபோகுது.

மருந்துக்கடைக்காரர் | புதன், காலை 9.40

தம்பி விஞ்ஞானம் சொல்லட்டும், நான் நடைமுறை சொல்றேன். இன்ஹேலரை நிறுத்திடாதீங்க, அதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு தடவை இழுத்த பிறகும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், முழுங்கக் கூடாது. ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கு, பம்பு மாதிரி அமுக்குற இன்ஹேலரா இருந்தா அதை மாட்டி இழுக்கச் சொல்லுங்க, வாயில படியிறது குறையும். பல் செட் இருந்தா ராத்திரி கழட்டி வெச்சுட்டுத்தான் படுக்கணும். நான் இன்ஹேலர் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுப்பேன். பத்துல எட்டுப் பேர் சில்லறையை எண்ணிக்கிட்டே தலையை ஆட்டிட்டுப் போவாங்க.

இயற்கைவழி | புதன், மதியம் 1.20

இதெல்லாம் மேல்பூச்சு. குடல்ல தேங்குன பூஞ்சை நச்சுதான் மூலம். சர்க்கரை, மைதா, பால், பழம் எல்லாத்தையும் 21 நாள் நிறுத்தி கேண்டிடாவைப் பட்டினி போட்டா உடம்பு தன்னால நச்சை வெளியேத்திடும். சோர்வு, மறதி, மூட்டு வலி எல்லாத்துக்கும் இதுதான் காரணம்.

வார்டுவாசி | புதன், மதியம் 2.55

63 வயசு ஆஸ்துமாக்காரம்மாவுக்குப் பழத்தையும் பாலையும் நிறுத்தச் சொல்றீங்களா? சோர்வுக்கெல்லாம் கேண்டிடாதான் காரணம்னு சொல்ல ஆதாரம் கிடையாது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைச்சா இந்தத் தொற்று குறையும், அது உண்மை. பட்டினி வேற, அது வேற. கரிசல்மண், அம்மாவுக்கு எதுக்கும் ஒரு எச்.பி.ஏ.1.சி. (மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட்) பார்த்துடுங்க.

நச்சு விஷயத்துல தம்பிக்கும் ஒரு கேள்வி. கேண்டிடாவுலயே ஆரிஸ்னு இன்னொரு இனம், அதுகிட்ட இந்தக் கேண்டிடாலைசின் கிடையாது. கிளாப்ரட்டாங்கிற இனத்துகிட்டயும் கிடையாது. ஐ.சி.யூ.வில ஆரிஸ் ரத்தத்துல ஏறினா நாங்க படுற பாடு உங்களுக்குத் தெரியாது. மருந்து பேசாது, கட்டில் கம்பியில இருந்தெல்லாம் வளர்த்து எடுக்கலாம். 2022ல உலக சுகாதார நிறுவனம் போட்ட பூஞ்சைப் பட்டியல்ல அல்பிகன்சும் ஆரிசும் ஒரே முதல் வரிசையில இருக்கு. அப்ப நச்சுதான் எல்லாம்னு எப்படிச் சொல்றீங்க?

ஈஸ்ட்மண்டை | புதன், மாலை 6.10

நச்சுதான் எல்லாம்னு சொல்லல சார். ஆரிஸ் பெரும்பாலும் ரத்தக்குழாய்ல போட்ட ஊசிக்குழல், டியூப்னு நாம திறந்து வெச்ச வாசல் வழியா வருது. ஓட்டைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. அல்பிகன்ஸ் வாயில, குடல்ல முழுசா இருக்குற சுவரை உடைச்சாகணும்.

ரத்தத்துக்குள்ள போன பிறகு அல்பிகன்சோட கதையும் சிக்கலாத்தான் இருக்கு. எலியில பார்த்தது: மூளைக்குள்ள பூஞ்சை போனா, அங்க காவலுக்கு இருக்குற மைக்ரோகிளியா செல்கள் இந்த நச்சு பட்டுத்தான் முழிச்சு நியூட்ரோஃபிலைக் கூப்பிடுது. அங்க நச்சு நமக்கே உதவுது. அதே எலியோட சிறுநீரகத்துல நச்சு கூப்பிட்டு வர்ற நியூட்ரோஃபில் கூட்டமே திசுவைக் கெடுத்துடுது. ஒரே 31 அமினோ அமிலம்!

பெயர் வேண்டாம் | புதன், இரவு 10.30

வேற ஐடியில வந்திருக்கேன். எனக்கு வருசத்துல நாலஞ்சு தடவை பெண்ணுறுப்புல அரிப்பும் எரிச்சலும் வருது. உக்கார முடியாது. ஒரு தடவை டெஸ்ட் பண்ணினப்ப ரிப்போர்ட்ல பூஞ்சை கொஞ்சமாத்தான் இருந்துச்சு. "இதுக்கா இவ்ளோ அலட்டுறே"ன்னு பார்த்த மாதிரி பார்த்தாங்க. கொஞ்சம் பூஞ்சைக்கு இவ்வளவு எரியுமா? இங்க படிச்சதும் கேக்கணும்னு தோணுச்சு.

ஸ்லைடுராணி | புதன், இரவு 10.50

அலட்டல் இல்லம்மா. ஸ்லைடுல பூஞ்சை எண்ணிக்கைக்கும் எரிச்சலுக்கும் சம்பந்தமே இல்லாம நிறையப் பார்த்திருக்கேன். வண்டி வண்டியா ஈஸ்ட் இருக்கும், அந்தப் பொண்ணு ஒரு தொந்தரவும் இல்லம்பா. மீதியை ஈஸ்ட்மண்டை தம்பி சொல்லட்டும்.

ஈஸ்ட்மண்டை | வியாழன், காலை 8.20

இதுக்கு நேரடியா மனுசங்கள்லயே செஞ்ச ஆய்வு இருக்கு. 2004ல அமெரிக்காவுல, ஆரோக்கியமான பெண்கள் சம்மதிச்சு, உயிருள்ள கேண்டிடாவை உள்ள வெச்சுப் பார்த்தாங்க. சிலருக்கு மட்டும் அரிப்பு வந்துச்சு. யாருக்கு வந்துச்சோ அவங்ககிட்ட நியூட்ரோஃபில் மொய்ச்சிருந்துச்சு. வராதவங்ககிட்ட அது இல்ல. பூஞ்சை ரெண்டு பக்கமும் இருந்துச்சு.

அங்க நியூட்ரோஃபில் ஓடி வருது, ஆனா பூஞ்சையைக் கொல்லாம நம்ம திசுவைத்தான் புண்ணாக்குது. பிற்பாடு கேண்டிடாலைசின் கண்டுபிடிச்ச பிறகு, அந்த மரபணு இல்லாத பூஞ்சையை எலியில வெச்சா நியூட்ரோஃபில் கூட்டமும் திசுச் சேதமும் ரொம்பக் குறையுதுன்னு காட்டினாங்க. வாயில காப்பாத்துற அதே அலாரம் இங்க நோயாவே ஆயிடுது. அதனால "கொஞ்சம் பூஞ்சைதானே"ன்னு யாராவது சொன்னா அவங்க தப்பான ஆளை எண்ணிக்கிட்டு இருக்காங்க.

வார்டுவாசி | வியாழன், காலை 8.45

அம்மா, வருசத்துல நாலு தடவைன்னா ஒவ்வொரு தடவையும் கடையில மாத்திரை வாங்கிப் போடாம மகப்பேறு டாக்டரைப் பாருங்க. திரும்பத் திரும்ப வர்றதுக்கு ஆறு மாச மருந்துமுறையே தனியா இருக்கு. கல்ச்சர் வெச்சு எந்த வகைன்னும் பார்க்கச் சொல்லுங்க.

கோலிகுண்டு | வியாழன், மதியம் 12.30

எங்க சித்தப்பா 2021ல கருப்புப் பூஞ்சையில ஒரு கண்ணை இழந்தார். கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில 11 நாள், சுகர் 400க்கு மேல, ஸ்டீராய்டு. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கன்னம் மரத்துப்போச்சுன்னார். மூக்குல கருப்பா ஒழுகுச்சு. ஆம்போடெரிசின் ஊசிக்கு நாங்க மூணு ஊரு அலைஞ்சோம். அதுவும் இப்படி நச்சு விடுற பூஞ்சையா? பூஞ்சையே கருப்பா இருக்குமா?

வார்டுவாசி | வியாழன், மாலை 4.15

கஷ்டமான காலம் அது. அந்த மே மாசம்தான் தமிழ்நாட்டுல அதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கினாங்க. ஜூலைக்குள்ள நாடு முழுக்க 45 ஆயிரத்துக்கு மேல நோயாளிகள், 4 ஆயிரத்துக்கு மேல சாவு.

பூஞ்சை கருப்பு இல்ல. அது வெள்ளையாவோ சாம்பலாவோ பஞ்சு மாதிரி இருக்கும். செத்த சதைதான் கருப்பு. ரைசோபஸ்ங்கிற இந்தப் பூஞ்சை ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள புகுந்து அடைச்சுடும். ரத்தம் போகாத இடம் கரிஞ்சுடும். அந்தச் செத்த சதைக்குள்ள மருந்தும் போகாது, வெள்ளணுவும் போகாது. அதனாலதான் வெட்டி எடுக்க வேண்டியிருந்துச்சு. கட்டுப்படாத சுகர்ல ரத்தம் அமிலமாகும்போது, புரதத்தோட கட்டிப்போட்டிருக்குற இரும்பு அவுந்து வந்துடும். இந்தப் பூஞ்சைக்கு அது விருந்து. சர்க்கரை ஏறினா ரத்தக்குழாய்ச் செல்லுல அது பிடிச்சு ஏறுற கொக்கியும் கூடுது.

நச்சும் இருக்கு. ஈஸ்ட்மண்டை, மியூகோரிசினைச் சொல்லுங்க.

ஈஸ்ட்மண்டை | வியாழன், மாலை 5.40

அதுவும் 2021லயே வெளிவந்ததுதான், கலிஃபோர்னியாவுல இருந்து. செத்துப்போன ரைசோபஸ் இழையைப் போட்டாலும் மனுசச் செல் சாகுதேன்னு சந்தேகப்பட்டுத் தேடினாங்க. உயிர் இல்லாத இழை எப்படிக் கொல்லும்? உள்ள ஏதோ இருக்கணும். கிடைச்சது 17 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம். அதோட சாயல் எதுல இருந்துச்சு தெரியுமா, ஆமணக்கு விதையில இருக்குற ரிசின்ல. ரெண்டும் செல்லுக்குள்ள போய் ரைபோசோமை, அதாவது புரதம் தயாரிக்குற பட்டறையை, முடக்கிடும். ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும், திசு அழுகும். மியூகோரிசினைத் தடுக்கிற ஆன்டிபாடி கொடுத்த எலிகள் நிறையப் பிழைச்சுது. மனுசனுக்கு மருந்தா இன்னும் வரல. (விளக்கெண்ணெய் குடிச்சவங்க பயப்பட வேணாம், ரிசின் எண்ணெய்ல இறங்காது.)

கோலிகுண்டு | வியாழன், மாலை 6.00

சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "கொல்லையில நின்ன கொட்டைமுத்துச் செடியை நான் வெட்டினதுக்குப் பழிவாங்கிடுச்சா"ன்னு சிரிக்கிறார். அவர் அப்படித்தான்.

ஒத்தக்கிட்னி | வியாழன், இரவு 9.15

நடுவுல ஒரு சுவாரசியம். நான் கிட்னி மாத்தி ஆறு வருசம் ஆச்சு. தினம் போடுற மைக்கோஃபீனோலேட் பென்சிலியம் பூஞ்சையில இருந்து வந்தது. 1893ல இத்தாலியில கோசியோன்னு ஒருத்தர் கெட்டுப்போன மக்காச்சோளத்தை ஆராயும்போது கண்டுபிடிச்சார். முதல்ல எனக்குக் கொடுத்த சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணுல கிடைச்ச பூஞ்சையோடது. மத்த உயிரோட மல்லுக்கட்ட பூஞ்சை காய்ச்சினதை வெச்சு என் எதிர்ப்பு சக்தியை அடக்கி, அடுத்தவர் கிட்னியைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். அதனாலயே எனக்கு வேற பூஞ்சை வந்துடுமோன்னு டாக்டர் பயப்படுறார். குப்பைமேட்டுப் பக்கம், பழைய வைக்கோல் பக்கம் போகாதேன்னு உத்தரவு, அஸ்பர்ஜில்லஸ்ங்கிற பூஞ்சையோட வித்து பறக்குமாம்.

ஈஸ்ட்மண்டை | வியாழன், இரவு 11.30

அண்ணா, அந்த அஸ்பர்ஜில்லசும் ஒண்ணு காய்ச்சுது. பேர் கிளியோடாக்சின். கேண்டிடாலைசின் மாதிரி சுவரை உடைக்குறது இதோட முதல் வேலை இல்ல. காவல்காரனையே குறிவைக்கும். மேக்ரோஃபேஜ்ங்கிற காவல் செல் பூஞ்சையை விழுங்குறதைத் தடுக்கும், நியூட்ரோஃபில் சுடுற ஆக்சிஜன் குண்டைத் தயாரிக்க விடாது.

2006-08 வாக்குல இதுல ஒரு குழப்பம் வந்துச்சு. கிளியோடாக்சின் காய்ச்சத் தெரியாத பூஞ்சையை எலிக்குக் கொடுத்தாங்க. சில லேப்ல எலி தப்பிச்சுது, சில லேப்ல வித்தியாசமே இல்லாமச் செத்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வேண்டிய நிலைமை. பிறகு பார்த்தா எலியைத் தயார்படுத்தின விதம் வேற வேற. ஸ்டீராய்டு மட்டும் கொடுத்த எலியில நியூட்ரோஃபில் இருக்கும், அசந்துபோய் இருக்கும். அங்க கிளியோடாக்சின் இல்லேன்னா பூஞ்சைக்குக் கஷ்டம். கீமோ மருந்து கொடுத்து நியூட்ரோஃபிலையே துடைச்ச எலியில? சுட ஆளே இல்லாத ஊர்ல துப்பாக்கியைப் பிடுங்குற நச்சுக்கு என்ன வேலை. அதனால வித்தியாசம் தெரியல. ரெண்டு தரப்பும் சரி.

வார்டுவாசி | வெள்ளி, காலை 7.10

இதை ஒத்துக்கிறேன். வார்டுலயும் ஸ்டீராய்டுல இருக்குற நோயாளியோட நுரையீரலும் கீமோ நோயாளியோட நுரையீரலும் ஸ்கேன்ல ஒரே மாதிரி இருக்குறதில்ல. ஒரே பூஞ்சைதான். இருந்தாலும் சொல்றேன், நீங்க சொன்னதுல முக்கால்வாசி எலி.

ஈஸ்ட்மண்டை | வெள்ளி, காலை 9.00

முக்கால்வாசி எலிதான் சார், மறுக்கல. இன்னொரு எலிக்கதையும் சொல்லிடறேன், ஏன்னா அது என் கைட் பேச்சையே மாத்தினது. 2024ல வந்துச்சு. நாங்க எல்லாரும் கேண்டிடாலைசினை ஆயுதம்னே பேசிக்கிட்டு இருந்தோம். ஆனா நோயே இல்லாத, குடல் பாக்டீரியா நிறைஞ்ச எலியில, இந்த நச்சைக் காய்ச்சுற பூஞ்சைதான் நல்லாக் குடியேறுது. காய்ச்சத் தெரியாதது பின்தங்கிடுது. அது குடல்ல இருக்குற பாக்டீரியாவோட இடச்சண்டை போடத்தான் இதை வெச்சிருக்குன்னு தோணுது. நம்ம வாய்ச் செல்லு நடுவுல மாட்டிக்குது.

அப்படின்னா கரிசல்மண் அண்ணன் சொன்ன திண்ணைக்காரன் திருடவே வரலையோ என்னவோ.

கரிசல்மண் | ஞாயிறு, காலை 10.20

அம்மாவுக்கு வெள்ளை முக்கால்வாசி போயிடுச்சு. நேத்து ரசம் சாப்பிட்டாங்க. ஸ்பேசர் வாங்கியாச்சு. "ஊதுகுழல் மாதிரி இருக்கு, வெறகடுப்பை விட்டு இத்தனை வருசம் கழிச்சு இப்ப ஊதச் சொல்றியா"ங்கிறாங்க. எச்.பி.ஏ.1.சி. 7.4 வந்திருக்கு. சுகர் இருக்குறதே எங்களுக்குத் தெரியாது. வார்டுவாசி சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்.

ஸ்லைடுராணி அக்கா, அம்மாவுக்கு இதெல்லாம் படிச்சுக் காட்டினேன். அவங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான், அந்த வால் முளைக்கிறதைப் பார்க்கணுமாம்.

ஸ்லைடுராணி | ஞாயிறு, இரவு 8.05

திங்கக்கிழமை காலையில டியூப் போடுறேன், மைக்ரோஸ்கோப்ல போனை வெச்சு வீடியோ எடுத்து இங்கயே போடுறேன். ரெண்டரை மணி நேரத்துல எடுத்தாத்தான் சுத்தமா இருக்கும். மூணு மணி தாண்டினா கண்டதுக்கெல்லாம் வால் மாதிரி ஏதாவது நீட்டிக்கும், அம்மா ஏமாந்துடப் போறாங்க.